ஒரே ஒரு பாதாம் பருப்பு

"அண்ணாச்சி, நமக்கு எந்த ஊரு?" என்று கேட்டுவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தேன். நிமிர்ந்தேன், இன்னும் நிமிர்ந்தேன். கதவைத் திறந்தவரின் முகம் அவ்வளவு உயரத்தில் இருந்தது. வெள்ளைத் தாடி, நீலக் கண்கள், மார்பில் கலைமான்கள் வரிசையாக ஓடும் கம்பளி ஸ்வெட்டர். வெளியே நான் அரைக்கை சட்டையில் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் என்னைக் குனிந்து பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற என் மகள் ஷாரன், "ஓ மை காட், அப்பா," என்று இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

சில டிசம்பர்களுக்கு முன்னால், டெக்சாஸ் ரவுண்ட் ராக்கில் நாங்கள் புது வீட்டுக்குக் குடிவந்த வாரம் நடந்தது இது. போன வாரக் கட்டுரையில் டோல்வேயில் தவறான வழியில் இறங்கி டாலஸ் பக்கம் போன கதையைப் படித்துவிட்டு, "உங்களுக்கு வேறு தவறுகள் இல்லையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஐயா, கையிருப்பு நிறைய இருக்கிறது.

நட்சத்திரம் செய்த சதி

என் பக்க நியாயத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது பாளையங்கோட்டையில். அங்கே டிசம்பர் பிறந்தால் கிறிஸ்தவர் வீடு எது என்று யாரும் கேட்கவேண்டாம். வாசலில் காகித நட்சத்திரம் தொங்கும், உள்ளே ஒரு பல்பு எரியும். மழை வந்தால் காகிதம் நனைந்து பல்பு மட்டும் அம்மணமாக நிற்கும். மறுநாள் புது நட்சத்திரம் வாங்கி வருவோம். நட்சத்திரம் என்றால் நம் ஆள். நாற்பது வயதைத் தாண்டும் வரை இந்த விதியை யாரும் எனக்கு மறுத்துச் சொன்னதில்லை.

அன்று மாலை நடக்கப் போனபோது, தெருமுனை வீட்டு ஜன்னலில் அதே காகித நட்சத்திரம். உள்ளே அதே பல்பு. டெக்சாஸில் மற்றவர்கள் கூரை முழுக்கச் சரவிளக்கு போட்டு, முற்றத்தில் காற்றடைத்த பனிமனிதனை நிறுத்திவைப்பார்கள். காகித நட்சத்திரத்தைத் தேடித் தொங்கவிட யாருக்குத் தோன்றும்? நம் பக்கத்து நாசரேத்தாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாயர்புரம். மணியை அழுத்தினேன். கதவு திறந்தபோது குப்பென்று ஏலக்காய் வாசனை. கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் ஏலக்காயும் சேர்ந்துவிட்டபிறகு எவன் முகத்தைப் பார்ப்பான்?

அந்த உயரமான மனிதரின் பெயர் லார்ஸ். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் காலத்தில் ஸ்வீடனிலிருந்து கப்பலேறி வந்து, இந்தப் பக்கத்துக் கரிசல் மண்ணில் பருத்தி போட்ட கூட்டம். ஸ்வீடனில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் ஜன்னலுக்கு ஜன்னல் காகித நட்சத்திரம் தொங்குமாம். அங்கே அப்போது பகலிலேயே இருட்டு, அதனால் வெளிச்சம் வேண்டும். பாளையங்கோட்டையில் எதற்கு என்று என்னைக் கேட்டார். நான் யோசித்துவிட்டு, "கரண்ட் போகும்," என்றேன்.

சிரித்துக்கொண்டே உள்ளே கூப்பிட்டார். அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த, குங்குமப்பூவும் ஏலக்காயும் போட்ட மஞ்சள் பன். இரண்டு முனையும் எதிரெதிராகச் சுருண்டு, சுருளுக்கு ஒன்றாக உலர்திராட்சை. ஏ.சி.யைக் குளிரக் குளிர வைத்துக்கொண்டு அதற்காக ஸ்வெட்டர் போட்டிருந்தார். ஸ்வீடன் குளிரைத் தன் செலவில் உற்பத்தி செய்கிறார் என்று புரிந்தது.

அவர் பேசியது டெக்சாஸ் ஆங்கிலம். என் வசதிக்கு அவரை இந்தக் கட்டுரையில் தமிழ் பேச வைக்கிறேன். அவருக்குத் தெரியவேண்டாம்.

எஸ்தரின் தொண்டை

இந்த இடத்தில் என் மனைவி எஸ்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

ஊரில் எங்கள் சபைப் பாடகர் குழுவில் எஸ்தர் சோப்ரானோ. அதாவது உச்ச ஸ்தாயி பாடும் பெண்களின் வரிசை, அதிலும் முதல் ஆள். கிறிஸ்துமஸ் கீர்த்தனையில் ஒரு இடத்தில் குரல் கூரைக்கு ஏறும். அந்த இடம் வரும்போது மற்ற பெண்கள் மூச்சு வாங்கிக்கொள்வார்கள், எஸ்தர் மட்டும் ஏறுவாள். நான் அதே குழுவில் பேஸ், கீழ்க்குரல். குழுத் தலைவர் என்னிடம் தனியாக, "தம்பி, நீ வாயை மட்டும் அசை," என்று சொல்லியிருந்தார். அசைத்துக்கொண்டே அவளைப் பார்த்துக்கொண்டிருந்ததில்தான் கல்யாணம் நடந்தது.

ரவுண்ட் ராக்குக்கு வருவதற்கு முந்தைய கோடையில் அவளுக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை. கட்டி கெட்டதில்லை, எடுத்துவிட்டார்கள், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஆனால் குரலுக்குப் போகும் ஒரு நரம்பு சோர்ந்துபோயிற்று. பேச்சு வந்தது, கரகரவென்று. பாட்டு எப்போது வரும் என்று கேட்டதற்கு டாக்டர், "வரும்போது எந்த இடத்தில் வந்து உட்காருகிறதோ, அதுதான் இனி உங்கள் குரல்," என்றார்.

அதற்குப் பிறகு அவள் பாடவில்லை. ஞாயிறு மாலைத் தமிழ் ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்து உதட்டை மூடிக்கொண்டு நிற்பாள். காரில் கிறிஸ்துமஸ் பாட்டு வந்தால் ரேடியோவை அணைத்துவிட்டு, "டிராஃபிக்கைப் பாத்து ஓட்டுங்க," என்பாள். ரோட்டில் ஒரு வண்டி இருக்காது.

எதை வைத்தும் ஜோக் அடிக்கிற ஆள் நான். சொந்தக் கல்யாணத்தில் அடித்த ஜோக்குக்கு மாமனார் இன்னும் சிரிக்கவில்லை. இந்த ஒன்றை வைத்து மட்டும் எனக்கு ஒன்றும் வரவில்லை.

மகரந்தம் தந்த பதவி

ஒரு வாரம் கழித்து லார்ஸ் எங்கள் வீட்டு மணியை அழுத்தினார். மூக்கு சிவந்து, கண் கலங்கியிருந்தது.

ஆஸ்டின் பக்கத்தில் குளிர்காலம் என்றால் பனி கிடையாது, சீடர் மரத்து மகரந்தம்தான் உண்டு. ஊரே தும்மும். அந்த வருஷம் அது சீக்கிரமே ஆரம்பித்து, லார்ஸின் சபைப் பாடகர் குழுவில் பேஸ் வரிசையைப் படுக்கவைத்துவிட்டது. லூசியா விழாவுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன.

"சாம், நீ ஊர்ல கொயர்ல இருந்தேன்னு சொன்னியே? என்ன குரல்?"

"பேஸ்," என்றேன். பொய் இல்லை. எஸ்தர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, கரகரத்த குரலில் எனக்கு மட்டும் கேட்கும்படி, "உண்மையச் சொல்லிருங்க, பாவம் நல்ல மனுஷரு," என்றாள்.

"மூணு நோட்டுதான்," என்றார் லார்ஸ். "தும்மாம நின்னாப் போதும்."

உலகத்தில் எந்தப் பாடகனுக்கும் இவ்வளவு குறைந்த தகுதி கேட்டிருக்கமாட்டார்கள். ஒத்துக்கொண்டேன்.

லூசியா என்பது டிசம்பர் நடுவில், அந்த ஊர்க்காரர்களுக்கு இரவு மிக நீளமாக இருக்கும் பருவத்தில் வரும் விழா. கோயிலில் விளக்கெல்லாம் அணைப்பார்கள். தூரத்தில் பாட்டு கேட்கும். பிறகு வெள்ளை அங்கி, இடுப்பில் சிவப்பு நாடா, தலையில் மெழுகுவத்திக் கிரீடத்தோடு ஒரு பெண்பிள்ளை மெதுவாக நடந்து வருவாள். பின்னால் விளக்கேந்திய பெண்கள், நட்சத்திரம் ஒட்டிய கூம்புத் தொப்பியோடு பையன்கள். கிரீடத்தில் இப்போது பேட்டரி பல்புதான். கரின் என்று லார்ஸின் அக்கா, குழுவை நடத்துகிறவர், சின்ன வயதில் நிஜ மெழுகுவத்தியோடு நடந்தவராம். "மெழுகு தலைல சொட்டும். ஆனா அசையக்கூடாது. அதான் இன்னிக்கும் நேரா நிக்கிறேன்," என்றார். நேராகத்தான் நிற்கிறார், கொடிக்கம்பம் மாதிரி.

ஷாரனுக்கு வெள்ளை அங்கி போடச் சொன்னார்கள். "நோ வே. ஐ வான்ட் த பாயின்ட்டி ஹேட்," என்று கூம்புத் தொப்பியை வாங்கிக்கொண்டாள்.

விரல்

மூன்று நோட்டு என்று லார்ஸ் சொன்னது நன்றாகப் பாடுகிறவர்களுக்கு. எனக்கு அது மூன்று மாடி.

சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, போனில் கரின் அனுப்பிய பதிவைக் கேட்டு, ஸ்வீடிஷ் வார்த்தைகளைத் தமிழில் எழுதிவைத்துப் பாடினேன். முதல் நாள் எஸ்தர் பொறுத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள், மடிப்பை நிறுத்திவிட்டு ஆள்காட்டி விரலால் மேஜையில் டக் டக் என்று தட்டினாள். புருவம் மேலே போயிற்று.

"என்ன?"

புருவம் இன்னும் மேலே போயிற்று. நான் சுருதியை மேலே ஏற்றினேன். தலையாட்டினாள். அடுத்த வரியில் மறுபடி டக் டக். புருவம் கீழே. இறக்கினேன்.

"ஒங்க சத்தத்தக் கேட்டா ஸ்வீடன்காரங்க திரும்பக் கப்பலேறிருவாங்க," என்றாள். அப்புறம் சிரித்தாள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. நான் வேண்டுமென்றே அடுத்த வரியையும் கெடுத்தேன் என்று இந்த இடத்தில் எழுத ஆசைதான். உண்மையில் அது தானாகவே கெட்டது.

ஒத்திகைக்கும் கூடவே வந்தாள். "குடும்ப மானம் இருக்குல்ல," என்று காரணம் சொன்னாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வாள். நான் சறுக்கும்போதெல்லாம் பெஞ்சு மரத்தில் டக் டக். கரின் ஒருநாள் தாளம் போட்ட கையைத் தூக்கியபடியே அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். 

அரிசி தெரிந்தவன்

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் லார்ஸ் ஒரு பெரிய அலுமினியப் பாத்திரத்தோடு வந்தார். லூசியா ஊர்வலம் முடிந்ததும் கோயில் கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கடைசியில் பால்சோறு. அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, பட்டை போட்டு, சீனி தூவி. வழக்கமாகச் செய்கிற அம்மாவுக்கும் மகரந்தம்.

"நீங்க அரிசி தெரிஞ்சவங்க," என்றார் லார்ஸ். "அரிசி, பால், பட்டை, கொஞ்சம் உப்பு. கடைசியா ஒரு பாதாம் பருப்பு."

"ஒண்ணா?"

"ஒண்ணு."

அவர் போனபிறகு நான் பாத்திரத்தைப் பார்த்தேன். ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிது. கோயில் நிறைய ஆட்கள். இதற்கு ஒரு பருப்பு! நம் ஊர்க் கல்யாணத்தில் பாயசத்தில் முந்திரி குறைந்தால் மாப்பிள்ளை வீட்டார் மூன்று தலைமுறைக்குச் சொல்லிக்காட்டுவார்கள். பாவம் லார்ஸ், நமக்குச் சிரமம் வைக்கக்கூடாது என்று கூச்சப்படுகிறார். நட்சத்திரத்தை மட்டும் பார்த்து வந்து நின்றவனை உள்ளே கூப்பிட்டு பன் கொடுத்த மனுஷர். அவருக்கு முன்னால் பாளையங்கோட்டையின் கை சின்னதாகத் தெரியலாமா?

விழாவன்று பகலில் எஸ்தர் வேலைக்குப் போயிருந்தாள். மருந்துக்கடையில் பார்மசிஸ்ட், சனிக்கிழமையும் போகவேண்டும். அவள் வீட்டில் இருந்திருந்தால் லார்ஸுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருப்பாள். நான் இந்தியக் கடைக்கு டிரைவ் பண்ணிப் போய் பெரிய பை பாதாமாக வாங்கி வந்தேன். ஊறவைத்து, தோலுரித்து, நெய்யில் பொன்னிறமாக வறுத்துக் கொட்டினேன். ஒரு கரண்டி எடுத்தால் நாலு பருப்பு வரவேண்டும், அதுதான் கணக்கு.

எல்லாருக்கும் அடித்த யோகம்

ஊர்வலம் நன்றாக நடந்தது. என் மூன்று நோட்டில் இரண்டு சரியாக விழுந்தது. கூடத்தில் மீன், இறைச்சி உருண்டை, பீட்ரூட், ஏலக்காயும் கிராம்பும் போட்ட சூடான திராட்சைச் சாறு. காரமில்லாத கருவாடு மாதிரி ஒன்றும் இருந்தது. அது நாற்றமடிக்கும் என்று லார்ஸ் மன்னிப்புக் கேட்டார். தூத்துக்குடி மாமனார் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டவனிடம்!

பிறகு என் பால்சோறு வந்தது.

முதலில் ஒரு வெள்ளைமுடி அம்மா கையைத் தூக்கினார். "கிடைச்சிருச்சு! பாதாம் எனக்குத்தான்!" கூடமே கைதட்டியது. எனக்குப் பெருமை. நம் பருப்புக்குக் கைதட்டு!

"இல்லையே, எனக்குல்ல கிடைச்சிருக்கு," என்றார் அடுத்த மேஜைக்காரர்.

"எனக்கும்."

"எனக்கு நாலு!"

லார்ஸ் தன் கிண்ணத்தைக் கிளறினார். ஒன்று, இரண்டு என்று எடுத்துத் தட்டோரத்தில் வைத்தார். என்னைப் பார்த்தார். தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. மகரந்தத்தில் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. எஸ்தர் என் பக்கம் திரும்பினாள். "என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

அப்போதுதான் பக்கத்திலிருந்தவர் விளக்கினார். ஒரே ஒரு பாதாம் என்பது ஒரு விளையாட்டு. பழைய நாளில், யார் கிண்ணத்தில் அது வருகிறதோ அவருக்கு வருகிற வருஷம் கல்யாணம். இந்தச் சபையில் முக்கால்வாசிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். அதனால் கல்யாணத்தை விட்டுவிட்டு, பாதாம் கிடைத்தவர் எழுந்து ஒரு பாட்டைத் தனியாக ஆரம்பிக்க வேண்டும், மற்றவர்கள் சேர்ந்துகொள்ள வேண்டும் என்று மாற்றிவைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு பாட்டு, அதோடு வீட்டுக்கு.

கரின் எழுந்தார். கொடிக்கம்பம். கூடம் அடங்கியது.

"வழக்கம்னா வழக்கம்தான்," என்றார். "பாதாம் யாருக்கெல்லாம் இருக்கோ, எல்லாரும் ஆளுக்கொண்ணு ஆரம்பிங்க."

மேஜை மேஜையாக ஆரம்பித்தது. தாத்தாக்கள் மறந்துபோன ஸ்வீடிஷ் பாட்டுகளைத் தோண்டி எடுத்தார்கள். காது கேட்காத ஒருவர் கல்லூரிக் கால்பந்துப் பாட்டைப் பாடினார், அதற்கும் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றிக் கைகோத்துத் தவளை மாதிரிக் குதிக்கும் பாட்டு ஒன்று வந்தது. ஷாரன் கூம்புத் தொப்பியோடு குதித்தாள். நானும் குதித்தேன், அதற்கு மேல் விவரம் வேண்டாம்.

குதித்துவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அடுத்தது எங்கள் மேஜை. எஸ்தரின் உள்ளங்கையில் ஒரு பாதாம், நான் நெய்யில் வறுத்தது.

நான் துள்ளி எழுந்தேன். "கரின், இது என் பாதாம். தவறி இங்க வந்திருச்சு, நானே பாடிர்றேன்."

சட்டையைப் பின்னாலிருந்து ஒரு கை இழுத்தது.

"உக்காருங்க," என்றாள் எஸ்தர். "ஏற்கெனவே நீங்க செஞ்சது போதும்."

எழுந்து நின்றாள். ஊரில் வீடு வீடாகக் கேரல் ரவுண்ட்ஸ் போகும்போது கடைசி வீட்டு வாசலில் பாடும் தமிழ்ப் பாட்டு. எனக்கு இரண்டாவது சொல்லிலேயே தெரிந்துவிட்டது. குரல் தாழ்ந்து, ஆற்று மணலில் நடக்கிற சத்தத்தோடு வந்தது. ஏறவேண்டிய இடம் வந்தது. உடைந்தது. நிறுத்தினாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன். அவள் மூச்சு வாங்கி, ஏறாமல், அந்த இடத்தையே கீழே கொண்டுபோய்ப் பாடினாள். அப்படி ஒரு வழி அந்தப் பாட்டில் இருப்பதை நான் அதுவரை கேட்டதில்லை.

முதல் வரி முடிந்தது. இனி எல்லாரும் சேரவேண்டும். யாருக்கும் பாட்டு தெரியாது. ஸ்வீடன் மொத்தமும் வாயைத் திறந்துவைத்து, வார்த்தையில்லாமல் விழித்தது. எஸ்தர் தனியாக நின்றாள்.

அந்தக் கூடத்தில் தமிழ் தெரிந்து, பாட்டும் தெரிந்த இன்னொரு ஆள், வாயை மட்டும் அசைக்கச் சொல்லப்பட்டவன்.

எழுந்தேன். பாடினேன். எங்கே போயிற்று என் சுருதி என்று எனக்கே தெரியவில்லை. அவள் பாட்டை விடாமல், வலது கையால் மேஜையில் டக் டக் என்று தட்டினாள். புருவம் மேலே. ஏற்றினேன். டக் டக். இறக்கினேன். கூடம் சிரித்தது. மூன்றாவது வரியில் கரின் கையை அசைக்க, குழுவில் மிச்சமிருந்தவர்கள் வார்த்தையில்லாமல் கீழே 'ம்' என்று பிடித்துக்கொண்டார்கள். அந்த 'ம்' மேல் ஏறி எஸ்தர் கடைசி வரி வரைக்கும் நடந்து போய்விட்டாள்.

முடிந்ததும் கரின் எங்கள் மேஜைக்கு வந்தார். பாராட்டுவார் என்று நான் எழுந்து நின்றேன். என்னைத் தாண்டி எஸ்தரிடம் போனார்.

"எனக்கு நல்ல ஆல்ட்டோ ஒருத்தர் ரொம்ப நாளா இல்ல. வியாழக்கிழமை ஏழு மணிக்கு வர முடியுமா?"

ஆல்ட்டோ என்றால் பெண்களில் கீழ்க்குரல். "நான் சோப்ரானோ," என்றாள் எஸ்தர்.

"இருந்தீங்க," என்றார் கரின். "ஏழு மணி."

வீட்டுக்கு வரும் வழியில், ஹைவே ஏறியதும் எஸ்தர் ரேடியோவைப் போட்டாள்.

இருட்டு

வியாழக்கிழமை போனாள். இன்று வரை போய்க்கொண்டிருக்கிறாள். மேலே ஏறும் இடங்களை இப்போது பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி பாடுகிறாள். "அந்தப் பிள்ளைக்கு நல்ல தொண்ட. ஆனா கீழ நாங்க இல்லேன்னா விழுந்துருவா," என்கிறாள் எஸ்தர்.

பால்சோற்றுப் பாத்திரம் ஒவ்வொரு வருஷமும் எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறது. அடுத்த வருஷம் நான் ஒழுங்காக ஒரே ஒரு பருப்புப் போட்டேன். லார்ஸ் மறுநாள் வந்து வாசலில் நின்றார், தலையைச் சொறிந்தார். "சாம், ஜனங்க கேக்குறாங்க. உங்க ஊர் வழக்கப்படியே போட்டிரலாமே?" ஆக, மத்திய டெக்சாஸில் ஒரு ஸ்வீடிஷ் சபையின் பரம்பரை வழக்கத்தை நெய்யில் வறுத்துக் கெடுத்தவன் நான். ஷாரன் இதைத் தன் நண்பர்களிடம் சொல்லக்கூடாது என்று எனக்குத் தடை போட்டிருக்கிறாள்.

இந்த டிசம்பரும் லூசியா வந்தது. வெளியே வெயில் அடங்கி, அரைக்கை சட்டைக்கு இதமான மாலை. உள்ளே கம்பளி ஸ்வெட்டர்கள். யாரோ தும்மினார்கள். கரின் கையைத் தூக்கினார், விளக்கெல்லாம் அணைந்தது. பக்கத்தில் நிற்கிற லார்ஸ்கூடத் தெரியாத இருட்டு. கிரீடம் வைத்த பிள்ளை இன்னும் வெளியே வாசலில் நின்றாள்.

ஆல்ட்டோக்கள்தான் முதலில் தொடங்குவார்கள். இருட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தரையோடு தரையாக அந்தக் குரல்கள் கிளம்பின. அதில் மணலில் நடக்கிற சத்தம் எது என்று எனக்குத் தெரியும். கேட்டுக்கொண்டே நின்றேன். பிறகு எங்கள் பேஸ் வரிசையின் முறை வந்தது. மூச்சை இழுத்துப் பாடினேன்.

எதிர்ப்பக்கம், இருட்டில், பெஞ்சு மரத்தில், மெதுவாக: டக் டக்.

நன்றி ஆண்டவரே என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் ஏற்றினேன்.